முன்னே பின்னே 0.17

பீ-மேசான் என்ற துகள் புரோட்டானைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல் நிறையுள்ளது. ஆயுள் மிகக் குறைவு. ஒரு வினாடியை லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒன்றரைக் கூறு நேரம்தான் வாழும். அதற்குள் அது பல நூறு வழிகளில் ஏதோ ஒன்றில் சிதைந்து வேறு துகள்களாகிவிடும். அந்த வழிகளில் ஒன்று மிக அரியது. மேசானுக்குள் இருக்கும் கனமான பாட்டம் குவார்க், இலேசான ஸ்ட்ரேஞ்ச் குவார்க்காக மாறும். மாறும்போதே ஆற்றல் மிக்க ஓர் ஒளித்துகளை, அதாவது ஃபோட்டானை, வீசும். பத்தாயிரம் பீ-மேசான்கள் சிதைந்தால் மூன்றோ நான்கோதான் இப்படிச் சிதையும். இதற்குக் கோட்பாடு 2020ல் தந்த எண் 3.40. அதன் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் உண்டு: முன்னே பின்னே 0.17. எந்தக் கருவியும் செய்த பிழை இல்லை அது. தாளிலும் கணினியிலும் போட்ட கணக்கே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நிச்சயமின்மை. அந்த 0.17ஐ எப்படிக் கண்டார்கள், எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் இந்த ஆராய்ச்சியின் முழு மதிப்பும் அடங்கியிருக்கிறது என்பேன்.

முதலில், இந்தச் சிதைவு ஏன் அரிது? இன்று நம்மிடம் உள்ள துகள் கோட்பாடான ஸ்டாண்டர்டு மாடலில், பாட்டம் குவார்க் நேரடியாக ஸ்ட்ரேஞ்ச் குவார்க்காக மாற வழியில்லை. இரண்டுக்கும் மின்னூட்டம் ஒன்றே. அப்படிப்பட்ட இரண்டுக்கு இடையே ஒரே படியில் மாறுவதை இயற்கை விடுவதில்லை. ஆகவே சுற்றுவழி. பாட்டம் குவார்க் ஒரு கணம் டாப் குவார்க்காகவும் டபிள்யூ துகளாகவும் பிரிந்து, அவை மறுபடி சேர்ந்து ஸ்ட்ரேஞ்ச் குவார்க்காகும். இதை இயற்பியலாளர்கள் வளையம் என்பார்கள். டாப் குவார்க்கின் நிறை, பீ-மேசானின் மொத்த நிறையைப் போல முப்பது மடங்குக்கும் மேல். அவ்வளவு கனமான துகளை உண்மையாகவே உருவாக்க மேசானிடம் ஆற்றல் இல்லை. ஆனால் குவாண்டம் விதிகளின்படி அது கணநேரக் கடனாக வளையத்துக்குள் வந்துபோக முடியும். கடனாக டாப் வரலாம் என்றால், நாம் இதுவரை பார்த்தே இராத கனமான துகளும் வரலாம். அப்படி ஒன்று வந்து போனால் சிதைவின் விகிதம் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். மோதுகருவியால் உருவாக்க முடியாத துகளின் நிழலை, இலேசான மேசானின் சிதைவை எண்ணியே பார்த்துவிடலாம் என்பதுதான் இதன் ஈர்ப்பு.

இந்தச் சிதைவின் ஒரு குறிப்பிட்ட வகையை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கிளியோ பரிசோதனை 1993ல் முதன்முதலாகக் கண்டது. 1995ல் அதே குழு எல்லா வகைகளையும் சேர்த்து எண்ணிப் பத்தாயிரத்துக்கு 2.32 என்றது. பிறகு கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் பாபார், ஜப்பானின் சுகுபாவில் பெல் ஆகிய பரிசோதனைகள் கோடிக்கணக்கில் பீ-மேசான்களை உண்டாக்கின. பெல் மட்டும் சேர்த்தது சுமார் 77 கோடி இணைகள். உலகச் சராசரி இன்று ஏறத்தாழ 3.49, முன்னே பின்னே 0.19. கோட்பாட்டின் 3.40உடன் நன்றாகவே ஒத்துப்போகிறது. இந்தப் பொருத்தத்திலிருந்தே ஒரு முடிவு பிறக்கிறது. ஹிக்ஸ் துகளுக்கு மின்னூட்டம் உள்ள உறவு ஒன்று இருக்கக்கூடும் என்று சில கோட்பாடுகள் சொல்கின்றன. அவற்றில் பரவலாக ஆராயப்படும் ஒரு வகையில், அந்தத் துகள் இலேசானதாக இருந்தால் பீ-மேசானின் விகிதத்தை உயர்த்திவிடும். உயர்வைக் காணோம் என்பதால் துகள் கனமாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு கனம்? மிசியாக், ஸ்டைன்ஹவுசர் என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 2017ல் தந்த விடை ஒற்றை எண்ணாக இல்லை. தரவைக் கையாளும் முறையைப் பொறுத்து, குறைந்தபட்ச நிறை 570 முதல் 800 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும் என்றார்கள். நிச்சயமின்மையைக் கையாள்வதில் ஒரு சிறு வேறுபாடு, இன்னும் காணாத துகளின் எல்லைக்கோட்டை இத்தனை தூரம் நகர்த்துகிறது.

அளவீட்டின் பிழையும் கணக்கின் பிழையும் ஒரே குறியோடு அச்சாகின்றன. பிறவியில் அவை வேறு. நூறு முறை எண்ணினால் எண்ணிக்கை எவ்வளவு சிதறும் என்று புள்ளியியல் சொல்லிவிடும். இன்னும் அதிகம் எண்ணினால் சிதறல் குறையும். கணக்கை நூறு முறை போட்டாலும் ஒரே விடைதான். அதன் நிச்சயமின்மை என்பது நாம் போடாமல் விட்ட கணக்கின் அளவு. போடாத கணக்கின் அளவை, போட்ட கணக்கிலிருந்து ஊகிக்க வேண்டும். இங்கேதான் மனித மதிப்பீடு நுழைகிறது. அது நுழைவதை மறைப்பதைவிட, எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று பார்ப்பது பயன் தரும்.

முதல் வாசல், குவார்க்குகளைக் கட்டிவைக்கும் வலுவிசை. டபிள்யூவும் டாப்பும் மட்டும் உள்ள வளையத்தைக் கணக்கிடுவது ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் குவார்க்குகளுக்கு இடையே வலுவிசையைச் சுமக்கும் குளுவான்கள் ஓயாமல் பரிமாறப்படுகின்றன. பொதுவாக இத்தகைய திருத்தம் சில விழுக்காடு இருக்கும் என்று எதிர்பார்ப்போம். இந்தச் சிதைவிலோ குளுவான்கள் விகிதத்தை இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்கிவிடுகின்றன என்று 1987லேயே இரு குழுக்கள் காட்டின. திருத்தமே மூலத்தை விஞ்சும் இடத்தில் அடுத்தடுத்த திருத்தங்களையும் போட்டாக வேண்டும். முடிவில்லாத அந்தத் தொடரை எங்கோ நிறுத்தியும் ஆகவேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அறிய ஒரு வழி உண்டு. வலுவிசையின் வலிமை, எந்த ஆற்றலில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். அதனால் கணக்கில் ஓர் ஆற்றலைப் பார்வைப் புள்ளியாக நாமே தேர்ந்துகொள்கிறோம். தொடர் முழுவதையும் கூட்டிவிட்டால் அந்தத் தேர்வு விடையைத் தொடக்கூடாது. பாதியில் நிறுத்தினால் தேர்வின் தடம் விடையில் தெரியும். பார்வைப் புள்ளியைப் பாதியாக்கியும் இரட்டிப்பாக்கியும் பார்த்து, விடை எவ்வளவு ஆடுகிறதோ அதையே நிச்சயமின்மையின் அடையாளமாகக் கொள்கிறார்கள். புராஸ், மிசியாக், மியூன்ஸ், போகோர்ஸ்கி ஆகியோர் 1993ல் இப்படிச் சோதித்தபோது ஆட்டம் மட்டும் 25 விழுக்காடு அளவுக்கு இருந்தது. அன்றைய கணிப்பு 2.8, முன்னே பின்னே 0.8. அளவீட்டோடு பொருந்தினாலும் அந்தப் பொருத்தம் அதிகம் எதையும் மெய்ப்பிக்காது என்று உணர்த்திய வேலை அது. என் பார்வையில் இத்துறையின் மிக நேர்மையான பங்களிப்புகளில் அதுவும் ஒன்று.

1997ல் அடுத்த படித் திருத்தம் முடிந்தது: 3.28, முன்னே பின்னே 0.33. பிழை பத்து விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். 2001ல் கம்பீனோவும் மிசியாக்கும் அந்த நம்பிக்கையை ஓர் எளிய கேள்வியால் அசைத்தார்கள். சிதைவின் ஒரு பகுதி சார்ம் என்ற இன்னொரு குவார்க் ஓடும் வளையம் வழியாகவும் நடக்கிறது. அந்தக் கணக்கில் சார்மின் நிறையைப் போட வேண்டும். எந்த நிறையை? குவார்க் தனியாக வெளியே வருவதே இல்லை. எடுத்துத் தராசில் வைக்க முடியாது. ஆகவே அதன் நிறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரையறைகள் உள்ளன. தனித் துகளாகவே பாவித்தால் ஒரு மதிப்பு. குறுந்தொலைவில் அது நடந்துகொள்ளும் விதத்திலிருந்து எடுத்தால் வேறு மதிப்பு. சார்முக்கும் பாட்டமுக்கும் உள்ள நிறை விகிதம் முதல் வழியில் 0.29, இரண்டாம் வழியில் சுமார் 0.22. போட்டிருந்த படிவரை கணக்கின் கண்ணுக்கு இரண்டும் சமம். அடுத்த படிக்குப் போனால்தான் வேறுபாடு அர்த்தம் பெறும். ஆனால் விடை பதினோரு விழுக்காடு மாறியது. வளையத்துக்குள் சார்ம் பெரும்பாலும் தன் இயல்பான நிறைநிலையிலிருந்து விலகியே ஓடுவதால் இரண்டாம் வரையறையே பொருத்தம் என்று அவர்கள் வாதிட்டார்கள். கணிப்பு 3.73க்கு ஏறியது. நகர்ந்த தூரம் 0.45, முன்பு அறிவித்த பிழையோ 0.33. பார்வைப் புள்ளியை ஆட்டிப் பார்க்கும் சோதனை இந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு கதவை எவ்வளவு நன்றாகப் பூட்டினாலும் அடுத்த கதவு திறந்திருப்பதை அது சொல்லாது.

இதற்குத் தீர்வு ஒன்றுதான்: அடுத்த படியையும் கணக்கிடுவது. பல நாடுகளின் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பகிர்ந்துகொண்ட உழைப்பு அது. நான்கு வளையங்கள் பின்னிய ஆயிரக்கணக்கான வரைபடங்கள் அதில் அடக்கம். 2006ல் பதினேழு பேர் சேர்ந்து வெளியிட்ட முடிவு 3.15, முன்னே பின்னே 0.23. ஃபோட்டானின் ஆற்றல் 1.6 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் உள்ளவற்றை மட்டும் எண்ணினால் என்ற வரம்போடு சொன்ன எண் இது. அதே வரம்பில் 2001ன் கணிப்பு 3.60. மறுபடியும் 0.45 நகர்வு, இம்முறை கீழ்நோக்கி. அதன் பிறகு எண் அடங்கிவிட்டது: 2015ல் 3.36, 2020ல் 3.40. இரண்டும் 2006ல் சொன்ன எல்லைக்கு உள்ளே அல்லது அதன் விளிம்பை ஒட்டியே உள்ளன.

இரண்டாம் வாசல், வலுவிசையை அடுக்கடுக்காகத் திருத்தித் தீராத ஒரு சிக்கல். சிதைவது தனிக் குவார்க் இல்லை, மேசான். பாட்டம் குவார்க்கைச் சுற்றி ஓர் இலேசான துணைக் குவார்க்கும் குளுவான் கூட்டமும் மொய்த்திருக்கின்றன. அந்த மொய்ப்பைத் தொடர்முறையில் கணக்கிட முடியாது. ஓர் ஆறுதல், பாட்டம் மிகக் கனமானது. சுற்றி நடக்கும் சலசலப்பின் ஆற்றல் அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எல்லா வகைச் சிதைவுகளையும் சேர்த்து எண்ணினால் இந்தச் சிறு விகிதத்தின் வர்க்கம்தான், அதாவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான், விடையைத் தொடும் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். பாட்டமின் நிறை ஐந்தாம் அடுக்காக விகிதத்தில் வருவதால் நிறையில் ஒரு விழுக்காடு பிசகினால் விடையில் ஐந்து விழுக்காடு பிசகும் என்ற தொல்லையையும், எலக்ட்ரானும் நியூட்ரினோவும் வெளிவரும் நன்கு அளந்த சிதைவால் வகுத்துச் சமாளித்தார்கள். ஆனால் ஃபோட்டான், வளையம் இருக்கும் அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் பிறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாட்டம் குவார்க் ஒரு குளுவானை வீச, அந்தக் குளுவானைத் துணைக் குவார்க் வாங்கிக்கொண்டு தான் ஃபோட்டானை வெளியிடலாம். பென்ஸ்கே, லீ, நாய்பர்ட், பாஸ் ஆகிய நால்வரும் 2010ல் இத்தகைய பங்களிப்புகளை முறையாக ஆராய்ந்து, இவற்றால் வரும் நிச்சயமின்மை சுமார் ஐந்து விழுக்காடு என்றும், அதை எளிதில் குறைக்க முடியாது என்றும் சொன்னார்கள். 2015ன் கணக்கில் இதுவே மிகப் பெரிய பங்கு. ஐந்து இதற்கு, தொடரை நிறுத்தியதற்கு மூன்று, சார்ம் நிறையை இரண்டு எளிய எல்லைகளுக்கு நடுவே ஊகித்ததற்கு மூன்று, உள்ளீட்டு எண்களுக்கு இரண்டு. நேராகக் கூட்டினால் பதின்மூன்று விழுக்காடு. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏழு. ஒன்றோடொன்று தொடர்பற்ற பிழைகள் ஒரே பக்கம் சாய வாய்ப்புக் குறைவு என்ற நியாயத்தில் ஏழு எடுக்கப்பட்டது. அது ஏற்கத்தக்க நியாயம். தேர்வு என்பதும் மறுக்க முடியாதது.

குறைக்க முடியாது என்று தோன்றியது எப்படிக் குறைந்தது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. துணைக் குவார்க் ஃபோட்டானை வெளியிடுவது உண்மையானால் அதன் மின்னூட்டம் விகிதத்தில் எதிரொலிக்க வேண்டும். மின்னூட்டம் உள்ள பீ-மேசானின் துணை வேறு, மின்னூட்டம் அற்றதன் துணை வேறு. இரண்டின் சிதைவு வேகங்களும் வேறுபட்டால் அந்த வேறுபாடே பங்களிப்பின் அளவுகோல். பெல் குழு 2019ல் அந்த வேறுபாட்டை அளந்தது. அரை விழுக்காடு அளவுக்கு ஒரு மதிப்பு, அதைச் சுற்றி இரண்டு விழுக்காடு அளவுக்குப் பிழை; பூஜ்யத்தோடு பொருந்தும் விடை. அதே காலத்தில் சார்ம் வளையத்தோடு சேர்ந்த பங்களிப்பையும் குணவர்தனவும் பாஸும் மறுபடி மதிப்பிட்டார்கள். இரண்டும் சேர்ந்து, 2020ல் மொத்த நிச்சயமின்மை ஏழிலிருந்து ஐந்து விழுக்காடானது. கோட்பாட்டின் அறியாமையைப் பரிசோதனை அளந்து சொல்லிவிட்டது. கணிப்பும் அளவீடும் தனித்தனியே தயாராகிக் கடைசியில் மட்டும் சந்திக்கும் என்ற பாடப்புத்தகச் சித்திரம் இங்கே செல்லாது.

எல்லா மேசான்களிலும் இந்த வசதி கிடைக்காது. பாட்டமுக்குப் பதில் சார்ம் உள்ள டீ-மேசானும் ஃபோட்டானை வீசிச் சிதைகிறது. அதில் ஒரு வகையை பெல் 2004ல் கண்டது. ஆனால் சார்ம் போதிய கனமில்லாததால் சுற்றியிருக்கும் மொய்ப்பு வளையத்தின் குரலை மூழ்கடித்துவிடுகிறது. அளவீடு எவ்வளவு துல்லியமானாலும் அந்த விகிதத்திலிருந்து புதிய துகளைப் பற்றி அதிகம் சொல்ல இயலாது. பீ-மேசானிலேயே ஒரே ஒரு குறிப்பிட்ட இறுதி வகையை மட்டும் எண்ணினால் அளப்பது எளிது, கணிப்பது கடினம். பாட்டம் எந்த வடிவில் எந்தத் துகளுக்குள் போய் அடங்குகிறது என்ற விவரம் அப்போது விடைக்குள் நுழைந்துவிடும். எதை எண்ணுவது என்ற முதல் முடிவிலேயே நிச்சயமின்மையின் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

இத்தனையும் கேட்ட பிறகு ஒருவர் நியாயமாகவே கேட்கலாம்: பிழையின் அளவைக் கணக்கிட்டவரே தீர்மானிக்கிறார் என்றால், அளவீட்டோடு பொருந்துமாறு அதை நீட்டவோ குறுக்கவோ மாட்டாரா? கேள்வி கடுமையானது, பதில் வரலாற்றில் இருக்கிறது. 2001ல் கணிப்பு மேலேறி 3.73 ஆனபோது கிளியோ அதே ஆண்டு வெளியிட்ட அளவீடு 3.21. கோட்பாடு அளவீட்டைவிட்டு விலகிப் போனது. 2006ல் உலக அளவீட்டுச் சராசரி 3.55. அதோடு அழகாகப் பொருந்திய 3.60ஐக் கைவிட்டு, அவ்வளவு நன்றாகப் பொருந்தாத 3.15க்குக் கோட்பாடு இறங்கியது. இருமுறையும் வசதியான விடையைவிட்டுச் சிரமமான விடைக்குப் போயிருக்கிறார்கள். தரவைப் பார்த்துத் தாளம் போடுபவர்கள் இப்படி நடக்க மாட்டார்கள். பழைய பிழை எல்லைகள் சற்றே குறுகலாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஒன்றரை மடங்குப் பிசகு, பத்து மடங்குப் பிசகு இல்லை. அந்தப் பிசகைக் கண்டுபிடித்தவர்களும் இதே துறையினர்தான்.

இன்னொரு மறுப்பு: இவ்வளவு சிக்கலான அளவை ஏன் துரத்த வேண்டும், கோட்பாட்டுப் பிழை ஏறக்குறைய இல்லாத அளவுகளை மட்டும் பார்த்தால் போதாதா? அப்படிப்பட்டவை உண்டு. பீ-மேசான் கேயான் என்ற இலேசான மேசானாகச் சிதைந்து, எலக்ட்ரானின் கனமான உறவான மியூவானின் இணையைத் தரும் விகிதத்தை, எலக்ட்ரான் இணையைத் தரும் விகிதத்தால் வகுத்தால் வலுவிசையின் குழப்பம் அநேகமாக முழுதும் அடிபட்டுப் போகும். விடை ஒன்றுக்கு மிக அருகில். ஜெனீவா அருகே நடக்கும் எல்எச்சிபி பரிசோதனை அது ஒன்றைவிடக் குறைவு என்று 2021ல் அறிவித்தபோது பெரும் பரபரப்பு எழுந்தது. 2022 டிசம்பரில் அதே குழு, எலக்ட்ரான் போலத் தோற்றமளித்த வேறு துகள்களைச் சரியாகக் கழித்துப் பார்த்து, விகிதம் ஒன்றுதான் என்று திருத்தியது. கோட்பாடு சுத்தமாக இருந்த இடத்தில் சிக்கல் அளவீட்டின் பக்கம் போய் அமர்ந்துகொண்டது. எதிர்ப்பக்கமும் ஓர் உதாரணம் உண்டு. அதே குடும்பச் சிதைவுகளில் மியூவான்கள் பறக்கும் கோணங்களில் 2013 முதல் தெரியும் ஒரு விலகல் இன்னும் மறையவில்லை. அது புதிய துகளா, சார்ம் வளையத்தைக் குறைத்து மதிப்பிட்டதன் விளைவா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. சார்ம் வளையத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது. ஃபோட்டான் சிதைவில் சார்முடன் நெடுங்காலம் நடந்த போராட்டத்தின் பயன் அங்கேயும் தேவைப்படுகிறது.

முப்பது ஆண்டுகள் உழைத்துக் கடைசியில் பழைய கோட்பாடே சரி என்று தெரிந்துகொண்டதுதான் மிச்சமா என்பவர்களும் உண்டு. 1995ல் கணிப்பும் அளவீடும் பொருந்தியபோது, விகிதத்தை முப்பது விழுக்காடு மாற்றக்கூடிய எந்தப் புதிய துகளும் அந்தத் தளர்ந்த வலைக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. இன்று பத்து விழுக்காடு மாற்றுவதற்கே இடம் நெருக்கடி. அந்த நெருக்கடியால்தான் ஹிக்ஸின் உறவைக் கனமான பக்கம் தள்ள முடிந்தது.

வேலை இப்போது இரண்டு முனைகளில் நடக்கிறது. சுகுபாவில் பெல்லின் வாரிசான பெல் 2, முன்னதைப் போல ஐம்பது மடங்கு தரவை இலக்காக வைத்து 2019 முதல் இயங்குகிறது. அதன் நடுவே துகள் சிதையும் புள்ளியைக் குறிக்கும் சிலிக்கான் அடுக்குகளில் ஒன்றை மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. சென்னை ஐஐடியும் அந்தக் கூட்டணியில் உறுப்பினர். தரவு பெருகினால் ஃபோட்டானின் ஆற்றல் வரம்பை இன்னும் கீழே இறக்கி எண்ணலாம். இப்போது பின்னணி ஒளி மிகுதியால் பெரும்பாலான அளவீடுகள் 1.6க்கு மேலேயே நின்று, மிச்சத்தைக் கோட்பாட்டைக் கொண்டு நிரப்பிக்கொள்கின்றன. மறுமுனையில், சார்ம் நிறையை இரண்டு எல்லைகளுக்கு நடுவே ஊகிக்கும் பழக்கத்தை ஒழிக்கும் கணக்குகள் 2023 முதல் வரத் தொடங்கியிருக்கின்றன. மூன்று வளைய வரைபடங்களின் முக்கியப் பகுதி ஒன்று, சார்மின் உண்மையான நிறையிலேயே கணக்கிடப்பட்டுவிட்டது. மீதிப் பகுதிகளும் முடிந்தால் அந்த ஊகத்துக்கென ஒதுக்கிய மூன்று விழுக்காடு பட்டியலிலிருந்து நீங்கும். அப்போது 3.40 என்ற எண் எந்தப் பக்கம் நகரும் என்பது அந்தக் கணக்கு முடியும் நாளில்தான் தெரியும்.